7 மி.மீ. வயரை 25-ஆல் வகுத்தபோது

மேசையில் இருப்பது 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், 1/25 அளவு பிளாஸ்டிக் கிட். மட்கார்டும் பானெட்டும் கிடையாது. பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் ஹாட் ராட்காரர்கள் இதை ஹைபாய் என்பார்கள். மட்கார்டைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, பாடியை சேஸிஸ் மேல் அப்படியே உட்கார வைத்த வண்டி அது. பெயிண்ட் வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்ஜினை இறக்கிப் பொருத்திப் பார்த்தேன். வண்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இன்ஜின் ஓடாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பெட்ரோல் வர வழி இல்லை, பிளக்குக்குக் கரண்ட் வர வழி இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுபட ஒரு கம்பியும் இல்லை.

மற்ற கார் மாடல்களில் பானெட்டை மூடிவிட்டால் இதெல்லாம் மறைந்துவிடும். இந்த வண்டியில் மூட எதுவும் கிடையாது. அசல் ஹாட் ராட்களும் அப்படிப் பிறந்தவைதான். 1930-களிலும் 40-களிலும் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்கப் போனவர்கள், எடையைக் குறைக்கத் தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றினார்கள். இன்ஜினே வண்டியின் முகமாக நின்றது. அந்த முகம் சரியாக வர வேண்டும் என்று இன்ஜினை மறுபடி வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் கத்தியையோ பசையையோ தொடவில்லை. கால்குலேட்டரும் வெர்னியர் காலிப்பரும் மட்டும்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பு செய்த ஒரு மாடலில், கையில் கிடைத்த மெல்லிய மின்கம்பியை பிளக் வயராகப் போட்டேன். 0.6 மி.மீ. தடிமன்தான், பார்க்க மெலிசாகத்தான் தெரிந்தது. ஆனால் 25-ஆல் பெருக்கினால் 15 மி.மீ., அதாவது சுண்டுவிரல் தடிமனில் ஒரு பிளக் வயர்! எட்டு வயரும் ஒழுங்காகத்தான் போயிருந்தன, இருந்தும் மொத்த இன்ஜினும் பொம்மையாகத் தெரிந்தது. நுணுக்க வேலையில் கண் முதலில் பிடிப்பது தடிமனைத்தான். தடிமன் தவறிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் எடுபடாது.

அசல் பிளக் வயர் சுமார் 7 மி.மீ. தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.28. பிரேக் பைப் 3/16 அங்குலம், வகுத்தால் 0.19. கால் அங்குல பெட்ரோல் பைப் 0.25, 5/16 அங்குல பைப் 0.32. இந்த எண்களை எழுதி வைத்துவிட்டு மோட்டாரில் சுற்றும் வைண்டிங் கம்பியின் கேஜ் (SWG தடிமன் எண்) அட்டவணையை எடுத்தேன். ஒன்றுக்கொன்று பொருந்தியதில் உண்மையிலேயே சந்தோஷம். 36 கேஜ் 0.193 மி.மீ., அப்படியே பிரேக் பைப். 33 கேஜ் 0.254, கால் அங்குல பைப். 32 கேஜ் 0.274, பிளக் வயர். 30 கேஜ் 0.315, பெரிய பெட்ரோல் பைப். எரிந்துபோன ஒரு சின்ன மோட்டாரும் பழைய டிரான்ஸ்ஃபார்மரும் கிடைத்தால் ஒரு வண்டிக்கு வேண்டிய எல்லாக் குழாயும் அதற்குள்ளேயே சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கிட்டில் வரும் இன்ஜின் ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8. 1932-ல் முதலில் வந்தபோது 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். என் கிட்டில் இருப்பது 1949 முதல் வந்த வகை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1940-களின் முந்தைய வகையில் தண்ணீர் வெளியேறும் வாய் ஹெட்டின் நடுவில் இருக்கும், இதில் முன்முனையில் இருக்கிறது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படியே. பழையதில் முன்பக்கம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் மூக்கிலேயே ஒட்டிப் படுத்திருக்கும், புதியதில் செங்குத்தாக நிற்கும். நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் எனக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. மேலிருந்து வயர் இறங்குவது வெளிப்படையாகத் தெரியும்.

கிட்டில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு மொக்கை உருளை. அதை வெட்டி எடுத்துவிட்டு 3 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் தண்டில் புதிதாகச் செய்தேன். மூடியில் எட்டு சிலிண்டருக்கு எட்டுத் துளை, நடுவில் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் வயருக்கு ஒன்று, ஆக ஒன்பது. எட்டுத் துளையும் 2 மி.மீ. வட்டத்தில் வர வேண்டும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 மி.மீ.கூட இல்லை. கண்ணளவில் குத்தினால் நிச்சயம் கோணும். கணினியில் வட்டம் வரைந்து, எட்டாகப் பிரித்து, மெல்லிய தாளில் அச்செடுத்து, தண்டின் முனையில் ஒட்டினேன். ஊசியால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குழி. பிறகு தாளை ஊறவைத்து எடுத்துவிட்டுத் துளை போட்டேன்.

முதல் மூடி வீணானது இங்கேதான். அவசரத்தில் மினி டிரில்லை எடுத்தேன். எவ்வளவு வேகத்தைக் குறைத்தாலும் அது பிளாஸ்டிக்குக்கு அதிகம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே இளகிவிடும். 0.3 மி.மீ. பிட் உள்ளே போனதும் உரசலில் பிளாஸ்டிக் உருகி அதைக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி பிட் உள்ளேயே முறிந்தது, அதுவும் ஆறாவது துளையில். இரண்டாவது முறை பின் வைஸில் (கையால் சுழற்றும் சின்ன டிரில் பிடி) மாட்டி, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி உருட்டி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டுப் போட்டேன். ஒன்பது துளைக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒன்றுகூட முறியவில்லை. இன்னொன்று, துளை போடும்போது தண்டு நீளமாகவே இருக்கட்டும். எல்லாத் துளையும் முடிந்த பிறகு மூடியின் உயரத்துக்கு வெட்டினால் போதும். முதலிலேயே துண்டாக வெட்டிவிட்டால் பிடிக்க இடமே இருக்காது.

அடுத்தது எந்தத் துளையிலிருந்து எந்த பிளக்குக்கு என்ற கேள்வி. இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-5-4-8-6-3-7-2. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க வலது வரிசையில் முன்னிருந்து 1 முதல் 4, இடது வரிசையில் 5 முதல் 8. மூடியைச் சுற்றி வயர்கள் இந்த வரிசையில்தான் கிளம்ப வேண்டும். வலப்பக்கத் துளைகளெல்லாம் வலப்பக்க பிளக்குகளுக்கு, இடப்பக்கம் இடப்பக்கத்துக்கு என்று அழகாகப் பிரித்து விட்டிருக்கும் மாடல்கள் நிறைய உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அப்படி இணைத்தால் இன்ஜின் பற்றாது. சரியான வரிசையில் போடும்போது சில வயர்கள் மூடிக்கு மேலேயே ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும். அந்தக் குறுக்கீடுதான் உண்மையான இன்ஜினின் அடையாளம். ஒரு தாளில் மூடியையும் எட்டு பிளக்கையும் வரைந்து, எண் போட்டு, கோடு இழுத்து, அதை விளக்குக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

வயருக்கு 32 கேஜ் தாமிரத்தை எடுத்தேன். ஒரு குறை இருந்தது, அதற்கு ஸ்பிரிங் குணம் உண்டு. வளைத்து விட்டால் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ரப்பர் உறை போட்ட வயரோ தன் எடையில் தொய்ந்து கிடக்கும். தாமிரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு முறை இழுத்துக் காட்டினால் மென்மையாகிவிடுகிறது, இனாமலும் கருகி உதிர்கிறது, பெயிண்ட் பிடிக்க அதுவும் நல்லதுதான். அப்படியும் எனக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் 0.3 மி.மீ. சால்டர் ஈயக் கம்பிக்கு மாறினேன். 0.28-க்கு 0.3 என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஈயம் விட்ட இடத்தில் நிற்கும், தொங்கவிட்டால் அசல் வயர்போலவே தொய்யும். கோணல் இருந்தால் இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும், நூல்பிடித்ததுபோல் நேராகிவிடும். தாமிரத்தைக் குழாய்களுக்கு ஒதுக்கிவிட்டேன். அசலில் குழாய் விறைப்பாக இருக்கும், அதற்குத் தாமிரம்தான் பொருத்தம்.

பிளக் பூட்டுக்கு, அதாவது பிளக் தலையை மூடும் ரப்பர் உறைக்கு, மெல்லிய மின்கம்பியின் உறையை உருவி எடுத்தேன். வெளி விட்டம் 0.5 மி.மீ., அசலுக்கு 12.5 மி.மீ., சரியாக வந்தது. இதை 1.2 மி.மீ. துண்டுகளாக நறுக்கி வயர் முனையில் செருகினால் போதும், பசையே வேண்டாம். பிளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் வெறும் மூடிதான், பிளக்குகள் அதன் மேல் நிமிர்ந்து நிற்கும். ஆகவே எட்டு பூட்டும் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியும். ஒன்று சாய்ந்தாலும் மற்ற ஏழும் காட்டிக் கொடுத்துவிடும். ஹெட்டில் 0.3 மி.மீ. துளை போட்டு, வயர் பூட்டைத் தாண்டி ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, அந்த நீட்டலைத் துளைக்குள் இறக்கினேன்.

இந்த இடத்தில்தான் பெரிய அடி விழுந்தது. மூடியில் வயர்களை நிறுத்த சூப்பர் குளூ தொட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கறுப்பு மூடி முழுவதும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததுபோல் இருந்தது. அந்தப் பசையின் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெளுத்துவிடும், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் மூடி வைத்தது என் தவறு. ஒன்பது வயரையும் பிடுங்க மனம் வரவில்லை. மெல்லிய தூரிகையால் கறுப்பு அரை மினுப்பு அக்ரிலிக் பெயிண்டை நீர்த்து இரண்டு பூச்சு கொடுத்தேன், மறைந்தது. அதற்குப் பிறகு பெயிண்ட் அடித்த பாகங்களில் சூப்பர் குளூவை அண்ட விடுவதில்லை. வயர் நிற்க வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும், தவறினால் தண்ணீரில் துடைத்துவிடலாம். ஈயக் கம்பியில் இழுவிசை இல்லை என்பதால் அதற்குமேல் பலம் தேவையும் இல்லை.

ஹெட்டுக்கு வருகிறேன். கிட்டில் துடுப்பு வைத்த ஹெட்கள் குரோம் பூசி வந்தன. அசலில் இவை வார்ப்பு அலுமினியம், குரோம் இல்லை. வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டு வைத்தேன், குரோம் கரைந்துபோனது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் சேர்க்காதீர்கள். குரோமுக்கு அடியில் இருந்த வார்னிஷ் படலத்தையும் நீக்கினால்தான் துடுப்புகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது.

ஒவ்வொரு ஹெட்டிலும் 24 போல்ட், இரண்டுக்குமாக 48. கிட்டில் இவை உருண்டையான பரு மாதிரி இருந்தன. பருக்களைச் சீவி எறியும் முன் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசியால் ஆழமாக ஒரு குத்து. சீவிய பிறகும் அந்தக் குழி நிற்கும், இடம் தப்பாது. இது இல்லாமல் சீவிவிட்டு, பிறகு 24 இடத்தை அளந்து கண்டுபிடிக்க முயன்றால் ஒரு வரிசைகூட நேராக வராது.

போல்ட் தலைக்கு ஆறுமுகத் தண்டு வேண்டும். 5/8 அங்குலத் தலையை 25-ஆல் வகுத்தால் 0.64 மி.மீ. என்னிடம் இருந்தது 2 மி.மீ. ஆறுமுக பிளாஸ்டிக் தண்டு. கிட் பாகங்கள் ஒட்டி வரும் சட்டத்துத் தண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி இழுத்து ஆன்டெனா செய்வோம் அல்லவா, அதே முறைதான். பிளாஸ்டிக் இழுபடும்போது குறுக்குவெட்டு வடிவம் மாறாது. வட்டத் தண்டு வட்டமாகவே மெலியும், ஆறுமுகத் தண்டு ஆறுமுகமாகவே மெலியும். சுடருக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் சுழற்றிக்கொண்டே சூடாக்கி, இளகி மினுமினுக்கத் தொடங்கியதும் சுடரை விட்டு விலக்கி, ஒரே சீரான வேகத்தில் இழுக்க வேண்டும். பதினோரு முறை இழுத்ததில் நான்கு தண்டுகளில் 0.65 மி.மீ. வரும் நீளம் கிடைத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஆறு பக்கமும் அப்படியே இருந்தன. இந்தக் கிட்டில் நான் செய்த வேலைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

புது பிளேடால் 0.3 மி.மீ. தடிமனில் சீவி, மெழுகு தொட்ட பல்குத்தும் குச்சியால் எடுத்து, குழியின் மேல் வைத்து, தூரிகை நுனியால் நீர்த்த பிளாஸ்டிக் சிமென்டைப் பக்கவாட்டில் தொட்டால் தானே உள்ளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். ஒரே உட்காரலில் பன்னிரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். பதிமூன்றாவது முதல் கண்ணும் கையும் ஒத்துழைப்பதில்லை. சுமார் எழுபது சீவியதில் 48 தேறின. ஆறு முகங்களையும் ஒரே திசையில் திருப்பி வைக்க நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். முறுக்கி இறுக்கிய போல்ட்கள் நிஜத்தில் ஆளுக்கொரு கோணத்தில்தான் நிற்கும்.

பூச்சில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மங்கலான அலுமினியம், துடுப்புகளுக்கு நடுவே நீர்த்த கரும்பழுப்பு ஆயில் பெயிண்ட், காய்ந்ததும் மேல்விளிம்பில் வெள்ளி நிறத்தை உலர்ந்த தூரிகையால் ஒரு தேய்ப்பு. போல்ட் தலைகளுக்கு மட்டும் சற்று கறுத்த எஃகு நிறம்.

கார்புரேட்டர் மூன்று, வரிசையாக ஸ்ட்ராம்பர்க் 97. அந்த 97 வெஞ்சூரியின் (உள்ளே காற்று போகும் குறுகிய கழுத்து) அளவிலிருந்து வந்த பெயர், 0.97 அங்குலம். அதன் காற்று வாய் வெளி விட்டம் 2 5/8 அங்குலம். மாடலில் 2.67 மி.மீ. வர வேண்டும், கிட்டில் 2.6 இருந்தது. அதைத் தொடவில்லை. ஆனால் வாய் அடைத்திருந்தது. உள்ளே குடைந்து, 0.13 மி.மீ. தாளில் வட்டமாக ஒரு சோக் தகடு வெட்டி, 36 கேஜ் கம்பியை அச்சாக வைத்து உள்ளே நிறுத்தினேன். இன்ஜின் சூடான நிலையில் அது செங்குத்தாக நிற்கும், மேலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத்தான் தெரியும். மூன்றையும் அப்படியே வைத்தேன்.

லிங்கேஜ்தான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. மூன்று கார்புரேட்டரின் திராட்டில் வால்வைத் திறக்கும் கைகளையும் ஒரு கம்பி இணைக்க வேண்டும், முனைகளில் பந்து மூட்டு. கம்பிக்கு 33 கேஜ். பந்துக்குத் தலைமுடி தடிமனில் துளை போட்ட மணி தேடி அலைந்தேன், எதுவும் பொருந்தவில்லை. பிறகு கம்பி முனையை வெள்ளைப் பசையில் தொட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். துளி தானே உருண்டையாகி, காயும்போது சுருங்கி 0.45 மி.மீ.க்கு வந்து நின்றது. மூன்று முறை தொட்டால் சீரான உருண்டை. வெள்ளிப் பூச்சு கொடுத்ததும் அசல் எஃகு பந்துதான். இந்தக் கம்பி பின்னால் போய், இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால் தகட்டைத் துளைத்து ஆக்ஸிலரேட்டர் பெடலில் முடிகிறது. உள்ளே பெடலுக்கும் ஒரு கை வைத்தேன். குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடம், ஆனால் எங்கே போகிறது என்று தெரியாத கம்பியை நான் வைக்க மாட்டேன்.

பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர்கள் உட்காரும் மேனிஃபோல்டின் பின்முனையில் நிற்கிறது. அங்கிருந்து 30 கேஜ் கம்பி முன்னால் வந்து ஒரு பிரிப்பான் கட்டையில் ஏறும், கட்டையிலிருந்து மூன்று 33 கேஜ் கம்பி மூன்று கார்புரேட்டருக்கு. கட்டை 1.2 மி.மீ. அலுமினியக் குழாய். மூன்று கிளையும் ஒரே வளைவில் வர, ஒரு டிரில் பிட்டின் தண்டில் சுற்றி வளைத்துக்கொண்டேன். ஹோஸ் கிளாம்புக்கு ஒட்டும் அலுமினியத் தாளில் 0.4 மி.மீ. பட்டை வெட்டிச் சுற்றினேன்.

ரேடியேட்டர் ஹோஸில் ஒரு நல்ல தப்பிப்பு. மேலே ஒரு ஹோஸுக்கு மட்டும் அளந்து வெட்டி வைத்திருந்தேன். பிளாட்ஹெட்டில் தண்ணீர்ப் பம்பு இரண்டு, ஆகவே மேலே இரண்டு ஹோஸ், கீழே இரண்டு ஹோஸ். ஒட்டும் முன் ஒரு அசல் இன்ஜின் படத்தைப் பார்த்ததால் பிழைத்தேன். ஹோஸுக்கு 1.8 மி.மீ. சால்டர், அதன் மேல் மங்கல் கறுப்பு. எக்ஸாஸ்ட்டில் கிட் சரியாகவே இருந்தது. நடு இரண்டு சிலிண்டரும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு பக்கத்துக்கு மூன்று குழாய்தான். முனைகளை மட்டும் குடைந்து சுவரை மெலிதாக்கினேன்.

கடைசியாக பிரேக் பைப். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939-ல்தான். 1932 வண்டியில் கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஆனால் ஹாட் ராட்காரர்கள் பின்னால் வந்த ஹைட்ராலிக் பிரேக்கைத்தான் தூக்கி மாட்டினார்கள், என் கிட்டிலும் அந்த டிரம்கள்தான். எனவே சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கமாக 36 கேஜ் கம்பி ஓட வேண்டும். இதை அடுப்பு மேடைக் கல்லில் வைத்து எஃகு அளவுகோலால் உருட்டி நேராக்கி, 15 மி.மீ.க்கு ஒரு அலுமினியத் தாள் கிளிப் வைத்து ஒட்டினேன். முன் சக்கரத்துக்குப் போகும் கடைசித் துண்டு மட்டும் கறுப்பு ரப்பர் ஹோஸ், அதற்கு ஈயம். சக்கரம் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டேன். மாடலில் சக்கரம் திரும்பாது, இருந்தாலும் தொய்வு இல்லாவிட்டால் பார்க்கும்போதே இறுக்கமாக இருக்கிறது.

நேற்று இரவு இன்ஜினை சேஸிஸில் இறக்கினேன். நான்கு ஹோஸும் ரேடியேட்டர் வாயில் சேர்ந்தன. லிங்கேஜ் கம்பி ஃபயர்வால் துளையில் முதல் முயற்சியிலேயே நுழைந்தது. காயில் வயர் மட்டும் 2 மி.மீ. குட்டையாக இருந்தது, இன்று புதிதாக ஒன்று வெட்டி, காய வைத்திருக்கிறேன். அடுத்து டேஷ்போர்டு. 1932 ஃபோர்டின் நீள்வட்டத் தகட்டில் வட்ட வட்டமாகச் சுழித்த மினுப்பு வர வேண்டும். அலுமினியத் தாளில் 0.8 மி.மீ. பித்தளைத் தண்டின் முனையைப் பாலிஷ் பசை தொட்டுச் சுழற்றிப் பார்த்தேன், மூன்று சுழி வரிசையாக வந்திருக்கிறது.